எல் போர்டைப் பார்த்தா வர்ற கோபம், கொடி கட்டின வண்டியைப் பார்த்தா எங்கே போகுது?

வாசகர் கேள்வி, 11 ஏப்ரல் 2025, இரவு 8.15

தினமும் சரவணம்பட்டியிலிருந்து பீளமேட்டுக்கு கார்ல போறேன். வீட்டுலயும் ஆபீசுலயும் நான் அதிர்ந்து பேசாத ஆளு. ஸ்டியரிங் பிடிச்சா மட்டும் எங்கிருந்துதான் வருதோ தெரியல, என் வாயில வர்றதைக் கேட்டு பொண்ணு காதைப் பொத்திக்கிறா. போன வாரம் கட் அடிச்ச ஒரு ஆட்டோக்காரரை விரட்டிப் போய் மறிச்சு, சட்டையைப் பிடிச்சுட்டேன். கோபம் வந்துட்டா எதுவும் நம்ம கையில இல்லைங்கிறது உண்மைதான்னு தோணுது. மூச்சுப் பயிற்சியெல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு. வேற வழி இருந்தா சொல்லுங்க.

பதில், 11 ஏப்ரல், இரவு 9.50

"கையில இல்லை"ங்கிறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். நீங்க சட்டையைப் பிடிச்சது ஆட்டோக்காரரை. அதே ரோட்டுல கட்சிக் கொடி கட்டின ஃபார்ச்சூனரும் தினம் கட் அடிச்சுட்டுத்தான் போகுது. அவங்க யார் சட்டையையாவது பிடிச்சிருக்கீங்களா?

11 ஏப்ரல், இரவு 10.40

மேலே கேட்டது குத்தலா இருந்தா இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்துல எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஏன்னா நான் கோயம்புத்தூர்ல டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்குடுக்கிறவன். என் வண்டி பழைய ஆல்ட்டோ. முன்னாடியும் பின்னாடியும் சிவப்புல எல், மேல ஸ்கூல் பேர் எழுதின பலகை, என் காலடியில தனியா ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஊர்ல இருக்கிற கோபம் முழுக்க வந்து விழற வண்டின்னா அது எங்க வண்டிதான்.

சிங்காநல்லூர் சிக்னல்ல பச்சை விழுது. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற புது ஆள் கிளட்ச்சைப் பொசுக்குனு விட்டுடுவார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி ஆஃப் ஆகிடும். அவர் சாவியைத் தேடறதுக்குள்ள பின்னாடி ஹாரன் ஆரம்பிச்சுடும். பைக்ல வர்ற தம்பி இடதுபக்கமா நுழைஞ்சு, கண்ணாடிக்கிட்ட குனிஞ்சு, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"ன்னு கேட்டுட்டுப் போவான். பாதிப் பேர் கேக்கற கேள்வி இதுதான். புதுசா எதையாவது கேளுங்கடான்னு இருக்கும்.

என் பக்கத்துலயும் பிரேக் இருக்கு, அந்த வண்டி யார் மேலயும் ஏறாதுன்னு அவங்களுக்குத் தெரியாது, சரி. ஆனா உள்ள இருக்கறவன் கத்துக்கறவன்னு சொல்லத்தானே அவ்வளவு பெருசா எல் எழுதி ஒட்டியிருக்கு? அதைப் படிச்சுட்டேதான் ஹாரன் அடிக்கிறாங்க. சாயங்காலம் ஸ்கூல் முடிஞ்சதும் என் சொந்த வண்டியில அதே சிக்னல்ல நான் வேணும்னே ரெண்டு செகண்டு லேட்டா எடுப்பேன். ஒரு சின்ன ஹாரன், அவ்வளவுதான். ரோடு அதே ரோடு, நேரம் அதே நேரம். பின்னாடி நிக்கறதும் அதே மாதிரி ஆட்கள்தான்.

கோபம் கண்ணை மறைக்கும்னு சொல்றது ரோட்டுல செல்லாது. அங்க கோபத்துக்குக் கண்ணு நல்லாவே தெரியும்.

12 ஏப்ரல், காலை 7.05

"இது உங்க கற்பனை"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். கற்பனை இல்லைங்க. அமெரிக்காவுல ஆண்டனி டூப், ஆலன் கிராஸ்னு ரெண்டு பேர் இதை ரோட்டுலயே சோதிச்சுப் பார்த்து 1968ல ஆய்வா வெளியிட்டிருக்காங்க. கலிஃபோர்னியாவுல பாலோ ஆல்ட்டோ பக்கம் ஒரு சிக்னல். ஒரு நேரம் புத்தம் புது கிரைஸ்லர், பளபளன்னு கழுவித் துடைச்சது. இன்னொரு நேரம் துருப்பிடிச்ச பழைய ஃபோர்டு. பச்சை விழுந்த பிறகும் 12 நொடி நகராம நிக்கணும், பின்னாடி வண்டி என்ன பண்ணுதுன்னு குறிச்சுக்கணும். பழைய வண்டிக்குப் பின்னாடி நின்னவங்கள்ல 84 சதவீதம் பேர் ஒரு தடவையாவது ஹாரன் அடிச்சாங்க. பணக்கார வண்டிக்கு 50 சதவீதம். ஹாரனே அடிக்காம நேரா பம்பர்ல வந்து முட்டின ரெண்டு பேரும் பழைய வண்டியைத்தான் முட்டினாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வேற. மாணவர்கள்கிட்ட தனியா, "நீங்களா இருந்தா எதுக்கு சீக்கிரம் ஹாரன் அடிப்பீங்க?"ன்னு காகிதத்துல கேட்டிருக்காங்க. ஆம்பளைப் பசங்க பெரிய வண்டிக்குத்தான் முதல்ல அடிப்போம்னு எழுதிக் குடுத்திருக்காங்க! காகிதத்துல எல்லாரும் வீரன்தான், கலிஃபோர்னியாவா இருந்தா என்ன, நம்ம கோயம்புத்தூர் கணபதி ஏரியாவா இருந்தா என்ன.

12 ஏப்ரல், மதியம் 1.20

திருக்குறள்ல இருந்து வெகுளாமை அதிகாரத்தை யாரும் எடுத்துப் போட வேண்டாம். எல்லாருக்கும் பள்ளிக்கூடத்துலயே மனப்பாடம். மார்க்கும் வாங்கியாச்சு.

14 ஏப்ரல், இரவு 9.15

புத்தாண்டு வாழ்த்துகள். இன்னைக்கு ரோடு காலி, ஒருத்தர் மேலயும் எனக்குக் கோபம் வரல. கூட்டம் இல்லாட்டி நானும் மகான்தான்.

பொள்ளாச்சிக்காரர் ஒருத்தர் கேட்டதுல நியாயம் இருக்கு: "பெரிய வண்டின்னா பயப்படுவாங்கன்னா, பஸ் டிரைவரை ஏன் அடிக்கிறாங்க? ரோட்டுல அதைவிடப் பெரிய வண்டி ஏது?"

ஆமா. அப்போ நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கணும். வண்டியோட விலையும் அளவும் மேலோட்டமான அடையாளம்தான். "இவன் திருப்பி அடிப்பானா, இவனுக்குப் பின்னாடி ஆள் இருக்கா"ங்கிறதுதான் உள்ள ஓடற கணக்கு. அரசு பஸ் டிரைவர் வண்டியில 60 பேரை வெச்சுட்டு இறங்கி சண்டை போட முடியாது. டெப்போவுக்குப் போய் பதில் சொல்லணும். ஜன்னல் வழியா ஒரு கை உள்ள வந்தா அவர் எங்கே போவார்? பஸ் பெருசுதான், ஆனா டிரைவர் மாட்டிக்கிட்ட ஆளு. அது நமக்கு நல்லாத் தெரியும்.

அடிக்கிறவங்களுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டு. பணியில இருக்கற அரசு பஸ் டிரைவர் மேல கை வெச்சா அது சாதாரண அடிதடிக் கேஸ் ஆகாது. அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமத் தாக்கினதுன்னு வரும். முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 353, இப்போ அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 132. ஸ்டேஷன்லயே ஜாமீன் குடுத்து அனுப்பற பிரிவு இல்ல அது.

16 ஏப்ரல், இரவு 10.05

பெண்கள் ஓட்டறதைப் பத்தி யாராவது எழுதுவாங்கன்னு பார்த்தேன். ஒரே ஒருத்தர் எழுதியிருக்கார், அதுவும் ஸ்கூட்டி ஜோக். சிரிச்சாச்சு, சரி.

எங்க ஸ்கூல்ல இப்போ கத்துக்க வர்றவங்கள்ல பெண்கள் நிறைய. முப்பது வயசுல, நாப்பது வயசுல வர்ற அம்மணிகள் கிளட்ச்சையும் கியரையும் பசங்களை விட நிதானமாப் பிடிச்சுக்கறாங்க. ஓவர்டேக் பாடம் வர்றப்பதான் சிக்கல். அவங்க சரியா இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, வலதுபக்கம் ஏறித் தாண்டுவாங்க. தாண்டப்பட்ட ஆள் எட்டிப் பார்ப்பார். ஓட்டறது பெண்ணுன்னு தெரிஞ்சதும் ஆக்சிலேட்டரை மிதிச்சு மறுபடி முந்துவார். முந்தினதோட விடமாட்டார், முன்னாடி போய் மெதுவா உருட்டுவார். அவருக்கு அவசரமெல்லாம் கிடையாது. நீங்க ஒதுங்கினா டீக்கடையில நிறுத்தி டீ குடிப்பார்.

இந்த மாதிரி ஆளைத் திருப்பித் தாண்டாதீங்க, இடதுபக்கம் ஒதுங்கி ஒரு கிலோமீட்டர் அவரை முன்னாடி விடுங்கன்னு சொல்லிக்குடுக்கறேன். ஒரு அம்மணி கேட்டாங்க, "ஏனுங்க சார், அவர் பண்ற தப்புக்கு நாங்க எதுக்கு ஒதுங்கறது?" நியாயமான கேள்வி. பதில் எங்கிட்ட இல்ல. ஒதுங்கச் சொல்றது பாதுகாப்புக்குத்தான், நியாயத்துக்கு இல்லன்னு மட்டும் சொன்னேன்.

19 ஏப்ரல், காலை 6.40

"ஒரு அடி அடிச்சா என்ன ஆயிடும்"னு கேட்டவருக்கு.

1988 டிசம்பர் 27, பஞ்சாப், பாட்டியாலா. நடுரோட்டுல ஒரு ஜிப்சி ஜீப் நிக்குது. பின்னாடி மாருதி கார்ல பேங்குக்குப் போயிட்டிருந்த 65 வயசுப் பெரியவர் வண்டியை ஒதுக்கச் சொல்றார். வாய்த்தகராறு, அப்புறம் அடி. பெரியவர் செத்துப் போறார். ஜிப்சியில இருந்தது கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, கூட அவர் நண்பர். ஆயுதம் ஒண்ணும் கிடையாது, கைதான்.

கேஸ் எத்தனை தடவை புரண்டுச்சுன்னு பாருங்க. 1999ல விசாரணை நீதிமன்றம் விடுதலை பண்ணுது. 2006ல உயர் நீதிமன்றம் மூணு வருஷம் சிறைன்னு தீர்ப்பு குடுக்குது. 2018 மே மாசம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி, காயப்படுத்தினதுக்கு மட்டும் 1,000 ரூபாய் அபராதம் போடுது. ஆயிரம் ரூபாய்! பெரியவரோட குடும்பம் விடல, மறுஆய்வு கேட்டாங்க. 2022 மே 19ல அதே உச்ச நீதிமன்றம் ஒரு வருஷக் கடுங்காவல் போட்டுச்சு. உடல்வாகு உள்ள விளையாட்டு வீரர், குத்துச்சண்டைக்காரர் மாதிரி ஆட்கள் ஓங்கினா கையே ஆயுதம்தான்னு சொன்னாங்க. உள்ள போயி 2023 ஏப்ரல் 1ல வெளிய வந்தார்.

34 வருஷம். நடுவுல அவர் எம்.பி. ஆனார், டி.வி.யில சிரிச்சார், மந்திரியும் ஆனார். பெரியவரோட வீட்டுக்காரங்க கோர்ட்டுக்கு நடந்தாங்க. ஒரு வண்டியை ஒதுக்கச் சொன்னதுல ஆரம்பிச்சது.

19 ஏப்ரல், இரவு 8.30

சட்டப் பிரிவு கேட்டவருக்குச் சுருக்கமா: வாய்த்தகராறு முத்தி கை நீட்டற கேஸ்ல நம்ம ஊர் எஃப்.ஐ.ஆர்.ல வழக்கமா சேர்ந்து வர்றது ஐ.பி.சி. 294(பி), 323, 506. கெட்ட வார்த்தை, அடி, மிரட்டல். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்ததுன்னா பி.என்.எஸ். 296(பி), 115(2), 351. வழிமறிச்சா 126(2)ம் சேரும். முதல் கேள்வி கேட்டவர் விரட்டிப் போய் நிறுத்தினார்னு எழுதியிருக்கார் இல்லையா, அது இதுதான். ஆட்டோக்காரர் ஸ்டேஷனுக்குப் போகாம விட்டது இவரோட அதிர்ஷ்டம்.

எங்கிட்ட கத்துக்கிட்ட ஒரு பையன், நல்ல பையன், பார்க்கிங் தகராறுல இப்படி ஒரு கேஸ் வாங்கினான். அபராதம் அவனுக்குப் பெருசாத் தெரியல. வெளிநாட்டு வேலைக்கு பாஸ்போர்ட் போட்டப்போ போலீஸ் வெரிஃபிகேஷன்ல கேஸ் நிலுவைன்னு வந்து நின்னுச்சு பாருங்க, அன்னைக்குத்தான் அழுதான்.

20 ஏப்ரல், காலை 7.30

வக்கீலுங்க யாராச்சும் இருந்தா மேலே போட்டதுல சேர்க்க வேண்டியதைச் சேருங்க. நான் பிரேக் பிடிக்கச் சொல்லிக்குடுக்கிறவன்.

27 ஏப்ரல், இரவு 9.40

வெயில் பத்தி. இன்னைக்கு மதியம் ஒரு மணி கிளாஸ்ல எனக்கே எரிச்சல். ஆல்ட்டோவுல ஏசி போட்டா வண்டி ஏத்தத்துல இழுக்காது, போடாட்டி நாங்க ரெண்டு பேரும் வெந்துடுவோம். அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்னு பாலைவன ஊர்ல இதையும் பார்த்திருக்காங்க, 1986ல வந்த ஆய்வு. பச்சை விழுந்தும் நகராம ஒரு கார் நிக்கும். வெயில் ஏற ஏற ஹாரனும் ஏறியிருக்கு. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தவங்ககிட்ட, அதாவது ஏசி இல்லாதவங்ககிட்ட, அது இன்னும் அதிகம்.

"அப்போ ஆள் பார்த்துத்தான் கோபம் வருதுன்னு நீங்க சொன்னது?"ன்னு மடக்கறதுக்கு ஆள் ரெடியா இருப்பீங்க. ரெண்டும்தான். எரிச்சலைக் கிளப்பறது வெயிலும் பசியும் லேட்டும். அதை யார் மேல இறக்கறதுங்கறது நம்ம கணக்கு. நம்ம கைக்கு அடங்கறது இந்த ரெண்டாவதுதான். முதலாவதுக்கு ஒரு பாட்டில் தண்ணி, பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பறது, வேற ஒண்ணும் பண்ண முடியாது.

28 ஏப்ரல், இரவு 10.20

தனியார் பஸ்களைத் திட்டி இத்தனை பேர் எழுதியிருக்கீங்க. நானும் திட்டறவன்தான், ஏர் ஹாரன் சட்டப்படி கூடாதுன்னு எழுதி ஒட்டினாலும் அவங்க அடிப்பாங்க. ஆனா அந்த டிரைவர் சீட்டுல உட்கார்ந்து பாருங்க. முன்னாடி ஒரு பஸ், பின்னாடி ஒரு பஸ், நடுவுல சில நிமிஷம்தான் டைமிங். முன்னாடி போறவன் மெதுவா உருட்டி அடுத்த ஸ்டாப் கூட்டத்தை அள்ளிட்டுப் போயிட்டா இவருக்குக் கலெக்‌ஷன் இல்ல. கலெக்‌ஷன் இல்லாட்டி அன்னைக்குக் கிடைக்கற படிப் பணமும் குறையும். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் நின்னுட்டிருப்பார், ஒரு நிமிஷம் லேட்டா உள்ள வந்தா பின்னாடி பஸ்காரனோட சண்டை. அவர் ஹாரன் உங்களைத் திட்டறதுக்கு இல்லைங்க, முன்னாடி பஸ்ஸைப் பிடிக்கறதுக்கு. நடுவுல நீங்க இருக்கீங்க, அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் ஒருத்தர், "அதுக்காக எங்க மேல ஏத்தலாமா?"ன்னு கேப்பார். ஏத்தக்கூடாது. அவரைத் தடுக்க வேண்டியது பர்மிட் குடுத்தவங்களும் போலீசும். நீங்க குறுக்க வண்டியைப் போட்டுத் தடுக்க முடியாது, பஸ்ஸோட எடை என்னன்னு ஒரு தடவை யோசிங்க.

3 மே, காலை 6.15

சரி, "வழி சொல்லுங்க"ன்னு முதல்ல கேட்டவருக்கு இன்னும் நேரா ஒண்ணும் சொல்லலைன்னு புகார் வந்திருக்கு. நான் மாணவர்களுக்குச் சொல்றது ஒரே விஷயம்: இறங்காதீங்க.

ரோட்டுல சத்தம் போடறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் போயிடுவாங்க. கதவு திறந்த பிறகு யாரும் போறதில்ல. கதவைத் திறந்து ஒரு கால் தரையில வெச்சாலே எதிராளிக்கு அது "வா"ங்கிறதுதான், நீங்க டயரைப் பார்க்க இறங்கினாலும் சரி. அப்புறம் அவனும் இறங்கணும், இல்லாட்டி அவனுக்கு மானப் பிரச்சினை. கூட்டம் கூடும், ரெண்டு பேர் வீடியோ எடுப்பாங்க. அதுக்கப்புறம் பின்வாங்க ரெண்டு பேராலயும் முடியாது.

அதனால கை முதல்ல கதவுக்குப் போகக்கூடாது, கியருக்குப் போகணும். நியூட்ரல் போடுங்க, ஹேண்ட் பிரேக்கை இழுங்க. கண்ணாடியை ஏத்திப் பூட்டுங்க. அவர் முகத்தை முறைக்காதீங்க, அவர் வண்டியோட நம்பர் பிளேட்டைப் பாருங்க, நம்பரை வாய்விட்டுச் சொல்லுங்க. எழுத்தும் எண்ணும் சொல்லிட்டிருக்கற வாய்ல கெட்ட வார்த்தைக்கு இடம் இருக்காது. நம்பரும் மனசுல நிக்கும், பின்னாடி உதவும். குறுக்க நிறுத்தி மறிச்சா, கண்ணாடியைத் தட்டினா, 112. ஃபோன் காதுல இருக்கறதைப் பார்த்தாலே பல பேர் கிளம்பிடுவாங்க. நிஜமாவே உரசி நசுங்கியிருந்தா இறங்கித்தான் ஆகணும், அப்போ ஓரம் கட்டிட்டு, ஃபோட்டோ எடுத்துட்டு, இன்சூரன்ஸ் பேசுங்க.

விரட்டிப் போறது பத்தி: விரட்டறவர் ரோட்டைப் பார்க்கறதில்ல, அந்த ஒரு வண்டியை மட்டும்தான் பார்க்கிறார். நடுவுல ஸ்கூல் பிள்ளை குறுக்க வந்தா தெரியாது. உங்க பொண்ணு கார்ல இருந்தப்பவும் விரட்டினீங்களான்னு கேக்க மாட்டேன்.

3 மே, மதியம் 2.10

"ஹாரன் அடிக்கறதே தப்பா?"ன்னு கேட்டவருக்கு. திருப்பத்துல, பார்வை மறையற இடத்துல அடிங்க. சிக்னல்ல அடிச்சா பச்சை சீக்கிரம் விழாது. தேவையில்லாம அடிச்சா மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப், முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000. அதைப் பிடிக்க ஆரம்பிச்சா கோயம்புத்தூர் பட்ஜெட்டே அதுல ஓடும்.

4 மே, இரவு 9.00

பின் கண்ணாடியில ஸ்டிக்கர் ஒட்டறவங்க பத்தி பேச்சு எங்கெங்கேயோ போயிடுச்சு, ஜாதிப் பேர் வர்ற பதிவுக்கெல்லாம் நான் பதில் போடல, போடவும் மாட்டேன். ஆனா விஷயம் இருக்கு. அமெரிக்காவுல கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்துல 2008ல ஒரு ஆய்வு: வண்டியில ஸ்டிக்கரும் அலங்காரமும் அதிகமா வெச்சிருக்கறவங்க, கோபத்தை வண்டியாலயே காட்டறதும் அதிகம். ஸ்டிக்கர்ல என்ன எழுதியிருக்குங்கறது பெருசில்ல, எத்தனை ஒட்டியிருக்கீங்கங்கறதுதான். ரோடு பொதுவானது, வண்டி என்னோடதுங்கற எல்லை அவங்களுக்கு அழிஞ்சு போகுதுன்னு விளக்கம்.

நம்ம ஊர்ல ஸ்டிக்கருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சென்னையில போலீஸ், பிரஸ், வக்கீல்னு சொந்த வண்டியில ஒட்டக்கூடாதுன்னு டிராஃபிக் போலீஸ் 2024 மே மாசத்துலருந்து பிடிக்க ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கும். ஏன் ஒட்டறாங்க? "எனக்குப் பின்னாடி ஆள் இருக்கு, எங்கிட்ட வெச்சுக்காதே"ன்னு சொல்றதுக்குத்தானே? ஏப்ரல் 14 குறிப்புல சொன்ன கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, அதனாலதான் ஒட்டறாங்க.

எல் ஸ்டிக்கர் ஒட்டினா மட்டும் எதிர்ப்பக்கம் வேலை செய்யுது. லைசென்ஸ் வாங்கின மறுநாளே அதைக் கிழிச்சுப் போட எல்லாரும் பறக்கறது இதனாலதான். இன்னும் ரெண்டு மாசம் இருக்கட்டும்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க.

11 மே, இரவு 8.50

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார்: பெரிய வண்டி கட் அடிச்சா தனக்கும் வாய் அடங்கிடுதாம், கவனிச்சுப் பார்த்தாராம், ஆனா ஆட்டோவைப் பார்த்தா இன்னும் பத்திக்கிட்டு வருதாம். வரட்டும். ஃபார்ச்சூனர்காரனுக்கு என்ன மரியாதை குடுக்கறீங்களோ அதையே ஆட்டோக்காரருக்கும் குடுங்க. புதுசா எதுவும் பழக வேண்டாம், ஏற்கெனவே உங்களுக்கு நல்லா வர்ற வித்தைதான்.

"அப்போ ஃபார்ச்சூனர்காரனையும் திட்டலாமா?"ன்னு நக்கல் அடிச்ச தம்பிக்கு: திட்டுங்க. வீடியோ எடுத்துப் போடுங்க, பார்க்கறோம்.

12 மே, காலை 6.30

டேஷ்கேம், அதான் கார் முன்கண்ணாடியில மாட்டற கேமரா, அதைப் பத்திக் கேட்டவருக்கு: வாங்குங்க, ஆனா உள்ள பேட்டரி இருக்கற மாடல் வேண்டாம், மே மாச வெயில்ல கண்ணாடிக்குப் பின்னாடி தொங்கவிட்டா பேட்டரி உப்பிடும். பேட்டரிக்குப் பதிலா கெப்பாசிட்டர் வெச்ச மாடல்னு கேளுங்க. சாதா மெமரி கார்டு போட்டா திரும்பத் திரும்பப் பதிஞ்சு சீக்கிரம் படுத்துடும், ஹை எண்டூரன்ஸ்னு தனியா விக்கறாங்க. தேதி, நேரத்தைச் சரியா செட் பண்ணிக்குங்க, இல்லாட்டி ஸ்டேஷன்ல காட்டறப்போ 2019 ஜனவரின்னு காட்டும். உள்பக்க மைக்கை என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, நீங்க பேசினதும் அதுல இருக்கும்.